நகைக்குக் காவல் இருந்தவள்

குற்றாலத்தின் வரலாற்றை எழுத உட்காரும் எவரும் முதலில் கல்லைத்தான் தேடுவார்கள். கல்லுக்கு அங்கே குறைவில்லை. பேரருவிக்கு அருகே சங்கு வடிவில் குற்றாலநாதர் கோயில், சற்றுத் தள்ளி ஓவியங்கள் நிறைந்த சித்திரசபை, நீர் குறைந்த மாதங்களில் அருவிப் பாறையில் தெரியும் லிங்கங்கள். ஐந்து கிலோமீட்டர் தொலைவில் தென்காசியில், 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயில். கட்டியவன், கொடுத்தவன், பாடியவன் என்று ஆண்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். எனக்கு வேண்டியது வேறு. இத்தனை நூற்றாண்டுகளாக இந்தத் தண்ணீரில் நனைந்த பெண்கள் எந்த ஏட்டில் இருக்கிறார்கள்?

தலபுராணத்தில் ஒரு பதில் உண்டு, ஆனால் அது சங்கடமான பதில். அகத்தியர் வந்து, நின்றிருந்த திருமாலைச் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்பது கதை. அப்போது ஸ்ரீதேவி குழல்வாய்மொழி அம்மையானாள், பூதேவி பராசக்தியானாள். வீட்டுக்காரர் சமயம் மாறியதும் மனைவிமார் இருவரும் பெயரோடு மாறிவிட்டார்கள். அவர்களிடம் யாரும் கேட்டதாகப் புராணத்தில் இல்லை.

கல்லை விட்டுச் சேற்றைத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ரோமானியப் பிரிட்டன் நல்ல உதாரணம். அங்கே ஹேட்ரியன் சுவரை ஒட்டிய கேரோபரஃப் என்னும் இடத்தில் ஒரு படைக்கோட்டையும், கோட்டைக்கு வெளியே ஒரு சிற்றூரும், ஊருக்கென்று ஓர் ஊற்றும் இருந்தன. ஊற்றின் தெய்வம் கொவென்டினா என்ற பெண். 1876இல் ஜான் கிளேட்டன் அந்த ஊற்றுக் கிணற்றைத் தோண்டியபோது 13,000க்கும் மேற்பட்ட நாணயங்கள் வந்தன. பலிபீடங்களும் கொண்டை ஊசிகளும் உடை ஊக்குகளும் வந்தன. பலிபீடங்களில் பெயர் பொறித்தவர்கள் பெரும்பாலும் படைவீரர்கள். கொண்டை ஊசியில் பெயர் இல்லை. பெண் தெய்வத்தின் கிணற்றுக்குள்ளும் பெயர் எழுதும் வசதி யாருக்கு இருந்தது என்பதை அந்தச் சேறு சொல்லிவிடுகிறது.

தெற்கே பாத் நகரின் வெந்நீர் ஊற்று இன்னும் தாராளம். சூலிஸ் என்ற உள்ளூர்த் தேவியை ரோமானியர் தங்கள் மினர்வாவோடு சேர்த்து வணங்கிய இடம் அது. (அங்கும் தேவிக்குப் பெயர் மாற்றம்தான்.) 1979–80 அகழாய்வில் அந்த ஊற்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஈயத் தகடுகள் கிடைத்தன. திருட்டுக் கொடுத்தவர்கள் திருடியவரைத் தண்டிக்கச் சொல்லி எழுதி, சுருட்டி, தண்ணீருக்குள் போட்டவை. அவற்றில் ஒன்று லொவெர்னிஸ்கா என்ற பெண்ணுடையது. அவளுடைய முக்காட்டுத் துணியை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். எடுத்தது ஆணா, பெண்ணா, பையனா, சிறுமியா என்று அவளுக்குத் தெரியாது. யாரானாலும் தேவியின் கையில் ஒப்படைக்கிறாள். அவ்வளவுதான் அவளைப் பற்றி நமக்குத் தெரிவது. ஒரு பேரரசியின் கல்வெட்டைவிட எனக்கு இது பெரிது. தண்ணீருக்கு வந்த ஒரு சாதாரணப் பெண்ணின் கோபம், அவள் பெயரோடு, பதினாறு நூற்றாண்டுக்கு மேல் தாண்டி வந்திருக்கிறது.

ஊற்று சேர்த்து வைக்கும். அருவி அடித்துக்கொண்டு போகும். குற்றாலத்துப் பெண்கள் தண்ணீருக்குக் கொடுத்தது மஞ்சள், குங்குமம், பூ. ஒரு நொடிகூட நிற்காது. எல்லாம் சிற்றாற்றில் இறங்கி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, கடலுக்குப் போய்விடும். மிஞ்சுவது ஷாம்பு பாக்கெட்டும் பல் உடைந்த சீப்பும்தான். நாளைய தொல்லியலாளருக்கு அவையே கொண்டை ஊசி.

ஆனால் அதே தண்ணீர் போகிற வழியில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 2004இல் தொடங்கிய அகழாய்வில் அங்கே கிடைத்த பானை ஓட்டில் ஒரு பெண்ணின் புடைப்புருவம் உண்டு. அவளைச் சுற்றிக் கொக்கு, முதலை, மான். பெயர் தெரியாத பெண்ணுருவம் கண்ணில் பட்டதும் ‘தாய்த்தெய்வம்’ என்று சீட்டு ஒட்டிவிடுவது நம் துறையின் பழைய வழக்கம். அவள் தெய்வமாக இருக்கலாம். ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்தவளாகவும் இருக்கலாமே. தாயாகவோ தெய்வமாகவோ இல்லாத பெண்ணுக்கு அந்தக் காலத்தில் இடமே இல்லையா?

எழுத்தில் வரும் சாட்சி அயலானுடையது. கி.பி. முதல் நூற்றாண்டில் ‘எரித்ரேயக் கடற்பயண நூல்’ எழுதிய கிரேக்க மொழி பேசிய வணிகர், கொற்கையின் முத்தைச் சொல்வதற்குச் சற்று முன்பு குமரியைச் சொல்கிறார். ஒரு தேவி அங்கே தங்கி நீராடினாள் என்பதால், எஞ்சிய வாழ்நாளை நோன்புக்குக் கொடுத்த ஆண்கள் வந்து நீராடித் துறவிகளாகத் தங்குகிறார்கள், பெண்களும் அப்படியே என்கிறார். சரக்கு விலை பார்க்க வந்தவர் அவர். பக்தி பாடவில்லை, பெண்களை உயர்த்தவும் நினைக்கவில்லை. அதனாலேயே ‘பெண்களும்’ என்ற அந்தச் சொல்லை நம்புகிறேன். வீட்டையும் மணத்தையும் விட்டுத் தண்ணீருக்கருகே வாழப் பெண்களுக்கு அன்று ஒரு வழி இருந்திருக்கிறது.

குற்றால மலையைத் தன் மலை என்று உரக்கச் சொன்ன பெண் குறவஞ்சியின் சிங்கி. ஊர் ஊராகத் தனியே நடக்கிறாள், குறி சொல்கிறாள், கூலியாக நகை வாங்குகிறாள். கணவன் சிங்கன் அவளைக் கண்டதும் ஒவ்வொரு நகையாகச் சுட்டி, இது எது, எப்படி வந்தது என்று கேள்வி கேட்கிறான். பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலமே கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். கவிராயரின் நிலத்துக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

நகை என்றதும் இன்னொன்று. சாரல் காலத்தில் பேரருவியின் பெண்கள் பக்கம் போய்ப் பாருங்கள். மதினி, சித்தி, ஆச்சி என்று கூட்டமாக வருகிறவர்களில் ஒருத்தி மட்டும் நனையாமல் கரையில் இருப்பாள். மற்றவர்களின் சங்கிலியும் வளையலும் மாற்றுத் துணியும் அவள் மடியில் இருக்கும். லொவெர்னிஸ்காவுக்கு அப்படி ஒருத்தி வாய்க்கவில்லை போலும். ஏன் குளிக்கவில்லை என்று கேட்டால் ‘சளி’ என்பாள். பலமுறை அது சளி அல்ல, மாதவிலக்கு. புனிதத் தண்ணீருக்கும் தனக்கும் இடையே அவளே ஒரு வேலி போட்டுக்கொண்டாள். எந்தக் கல்வெட்டும் அப்படி ஆணையிட்டுப் பொறிக்க வேண்டியிருக்கவில்லை. அம்மா சொன்னாள், அவளுக்கு அவள் அம்மா.

எங்கள் குடும்பத்தில் அந்த இடத்தில் அதிகம் உட்கார்ந்தவள் என் அத்தை. ஒருமுறை கேட்டேன். “போட்டா போட்டுக்க வேண்டியதுதான, அருவி என்ன வேண்டாம்னா சொல்லப்போவுது?” என்றாள். பிறகு, “ஆனா நகையை யாரு பார்ப்பா?” என்றாள்.