புலத்திநகருக்கு முதற் பயணம்



வரலாற்றுச் சிறப்புடைய நகரொன்றை முதன்முறையாகக் காணப் புறப்படுவோர், ஊர்திக்கும் கட்டுச்சோற்றுக்கும் ஒழுங்கு செய்வதோடு அமைந்துவிடுகின்றனர். எதைக் காணப்போகிறோம், எம்முறையிற் காணப்போகிறோம் என்று முன்கூட்டி எண்ணுவோர் சிலரே. பொலன்னறுவைக்குச் செல்லும் சுற்றுலாக் கூட்டங்களைப் பாருங்கள். ஒரு முற்பகலுக்குள் கல் விகாரையையும் வட்டதாகேயையும் சுற்றிப் படம் பிடித்துக்கொண்டு மீள்வர். எது முந்தியது, எது பிந்தியது, எதனை யார் கட்டுவித்தார் என்று பின்னர் வினவினால் விடை வராது. ஆதலின், புலத்திநகர் எனவும் வழங்கிய அப்பழைய தலைநகருக்கு முதற் பயணம் செல்வோர் எவ்வாறு ஆயத்தமாதல் வேண்டும் என்பதையே இன்றைய பேச்சிற்குப் பொருளாகக் கொண்டேன்.

முதலில் ஒரு சிறு தாளில் ஐந்து ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். 993: முதலாம் இராசராசனின் சோழப்படை அநுராதபுரத்தை வீழ்த்திய காலம், பின்னர்ச் சோழர் பொலன்னறுவையைத் தம் ஆட்சித் தலைநகராக்கி, அதற்குச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். 1070: முதலாம் விஜயபாகு சோழரை வென்று நகரைக் கைப்பற்றிய ஆண்டு. 1153: மகா பராக்கிரமபாகு ஆட்சிக்கு வந்த ஆண்டு. 1187: நிசங்கமல்லன் முடிசூடிய ஆண்டு. 1215: கலிங்க மாகன் படையெடுத்த ஆண்டு. நீங்கள் காணும் ஒவ்வொரு கட்டடத்தையும் இவ்வைந்தினுள் ஒன்றன்கீழ் வைத்துப் பாருங்கள். சிதறிக் கிடக்கும் கற்கள் ஒழுங்குபட்ட வரலாறாக விளங்கத் தொடங்கும்.

பயணத்துக்கு இரண்டு நாட்களேனும் ஒதுக்குதல் நன்று. முதல் நாள் பிற்பகலில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மாலையிற் பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டில் நடந்து செல்லுங்கள். இந்நகரைக் கோட்டையும் கோயிலும் மட்டும் வாழவைக்கவில்லை; நீரும் வாழவைத்தது. பராக்கிரமபாகுவுக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்குத் தோப்பாவெவ என்னும் குளம் இருந்தது. அதனை அவன் விரிவாக்கி, அம்பன் கங்கையின் நீரைக் கால்வாய் வழியே கொணர்ந்து ஒரு கடலாகவே ஆக்கினான். இக்காலத்தில் மீண்டும் திருத்தப்பெற்ற அக்குளம் இன்றும் நெல்வயல்களுக்கு நீர் பாய்ச்சுகின்றது. இடிந்த நகரின் பழைய உறுப்புக்களுள் இன்னமும் தன் தொழிலைச் செய்துவருவது அதுவே.

மறுநாள் விடியலிலேயே புறப்படுங்கள். நகர மதிலின் வடபாலில் இரண்டாம் சிவாலயம் என்று தொல்பொருளாய்வாளர் எண்ணிட்ட கற்கோயில் உண்டு. சோழ அரசியொருத்தியின் பெயரால் வானவன்மாதேவி ஈசுவரம் எனப்பட்ட இது, அடி முதல் சிகரம் வரை கல்லாலானது. அதிராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்ச் சாசனத்தை அதன் சுவரிற் காணலாம். பிற்காலப் பாண்டியர் பாணியில் அமைந்த முதலாம் சிவாலயம் நாற்சதுர மேடைக்கு அண்மையில் உள்ளது. இந்நகரத்துச் சிவாலயங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசர், நாயன்மார் முதலிய வெண்கலப் படிமங்களுட் சில கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளன. பயணத்துக்கு முன்னரே அவற்றைக் கண்டுவைத்தால், வெறுமையான கருவறையின் முன் நிற்கும்போது அங்கிருந்த திருவுரு நினைவில் எழும்.

அடுத்து நாற்சதுர மேடைக்குச் செல்லுங்கள். நிசங்கமல்லன் தன் புகழைப் பொறித்த கல்பொத்த என்னும் மாபெருங் கற்பாளமும், வட்டதாகேயின் அழகும் பலரையும் ஈர்க்கும். ஆயினும் விஜயபாகு தந்ததாதுவுக்கு எடுத்த அட்டதாகேயின் பக்கத்தில் நிற்கும் ஒரு சாசனக்கல்லைத் தேடிப் பாருங்கள். அதன் மொழி தமிழ். அதைப் பொறித்தோர் வேளைக்காரர் எனப்பட்ட படையினர். விஜயபாகு மறைந்த பின்னர், தந்ததாதுக் கோயிலையும் அதன் ஊர்களையும் உடைமைகளையும் அங்கு அடைக்கலம் புகுந்தோரையும் தம் மரபு உள்ளவரை காப்போம் என அவர்கள் உறுதி பூண்ட செய்தி அக்கல்லில் உள்ளது. வடுகர், மலையாளர் முதலிய பல பிரிவினரும் அப்படையில் இருந்தனர்.

இதே வேளைக்காரர், விஜயபாகு சோழர்மீது படை செலுத்த முற்பட்டபோது கிளர்ந்தெழுந்து அரண்மனைக்குத் தீயிட்டனர் என்று சூளவம்சம் கூறுகின்றது. கிளர்ச்சியை அரசன் கடுமையாக அடக்கினான். இருந்தும், சில பதின்ம ஆண்டுகளுக்குள் பௌத்தர்கள் உயிரெனப் போற்றும் புனிதப் பொருளின் காவல் அப்படையினரிடமே ஒப்படைக்கப்பட்டது. இந்நகரை இன்ன இனத்தார்க்கே உரியதென்று ஒரு சொல்லில் முடித்துவிட எண்ணுவோர் இக்கல்லின் முன் சற்று நின்று சிந்திக்கவேண்டும். தம்மவர் கற்களை மட்டும் தேடிச் செல்பவர், அவர் தமிழராயினும் சிங்களவராயினும், பாதி நகரையே கண்டு திரும்புவர்.

அதன்பின் பராக்கிரமபாகுவின் அரண்மனையையும், யானை வரிசை செதுக்கிய மந்திராலோசனை மண்டபத்தையும் பாருங்கள். குளக்கரையிலுள்ள நிசங்கமல்லனின் சபையில், எந்த அதிகாரி எங்கே அமரவேண்டும் என்பது தூண்களிற் பொறிக்கப்பட்டுள்ளது. அரசாட்சி எவ்வாறு நடைபெற்றதென்பதை அத்தூண்கள் உணர்த்தும். வெயில் தணிந்த பின் வடக்கே கல் விகாரைக்குச் செல்லுங்கள். ஒரே பாறையிற் செதுக்கிய உருவங்களுள், கிடந்த கோலத்தின் நீளம் ஏறத்தாழ 14 மீற்றர். சிற்பத்தோடு நின்றுவிடாது, சங்கத்தாருக்குப் பராக்கிரமபாகு வகுத்த ஒழுக்க விதிகள் பொறித்த பாறைமுகத்தையும் நோக்குங்கள்.

சில நடைமுறைக் குறிப்புக்கள்: வடகீழ்ப் பருவமழை பொழியும் மாதங்களைத் தவிருங்கள். தலங்களிற் பாதணியும் தொப்பியும் களையவேண்டுமாதலின், நண்பகலிற் கல்லும் மணலும் காலைச் சுடும். புத்தர் திருவுருக்களுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்தல் ஆகாது. இடங்கள் ஒன்றற்கொன்று தொலைவிலுள்ளமையால் வாடகைத் துவிச்சக்கர வண்டி உதவும். சிறுவரை அழைத்துச் செல்வோர், ஆளுக்கொரு கட்டடத்தைப் பொறுப்பாகக் கொடுத்து, அதன் முன்னின்று மற்றவர்க்கு விளக்கச் சொல்லுங்கள். கேட்டதை மறக்கும் பிள்ளை, தான் சொன்னதை எளிதில் மறவாது.

வீடு திரும்பியதும் அந்தச் சிறு தாளை எறிந்துவிடாதீர்கள். ஐந்து ஆண்டுகளின் கீழும் நீங்கள் கண்டவற்றை எழுதிவையுங்கள். வெற்றிடமாக இருக்கும் வரி எதுவோ, அதுவே உங்கள் இரண்டாம் பயணத்துக்குரியது.