வேலைநிறுத்த உரிமை: பம்பாயும் ஜெனீவாவும்

1938 செப்டம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் காங்கிரஸ் அரசு தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. சமரச நடைமுறைகள் முடியும்முன் வேலையை நிறுத்தினால் தண்டனை என்றது அது. வேலை செய்ய மறுப்பது ஒப்பந்த மீறலாக இருக்கலாம், குற்றமாகாது. மறுப்பவரைத் தண்டிப்பது அவரை அடிமையாக்குவதே என்று வாதிட்டார் அண்ணல் அம்பேத்கர். நவம்பர் 7 அன்று அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் இணைந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினர். இதே பம்பாய் ஆலைகளில்தான் நெசவுப் பிரிவுக்குள் தலித்துகளை விடவில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும், அதில் தீட்டாம்! 1928 வேலைநிறுத்தத்தின்போதே அண்ணல் அதைக் கேள்வியாக்கியிருந்தார். அந்தக் கணக்கு தீராத நிலையிலும் 1938இல் அவர்களோடு நின்றார். இடதுசாரி வரலாறுகள் இதை விரைந்து கடந்துவிடுகின்றன. நாம் கடக்க முடியாது.

பத்தாண்டு கழித்து, 1948இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்படிக்கை வந்தது. சங்கம் அமைக்கும் உரிமையைப் பேசும் அதில் வேலைநிறுத்தம் என்ற சொல் இல்லை. ஆனாலும் அந்த அமைப்பின் சங்கச் சுதந்திரக் குழு 1952 முதலே வேலைநிறுத்தத்தைச் சங்க உரிமையின் பகுதியாகக் கருதிவருகிறது. 2012இல் முதலாளிகள் தரப்பு இந்த விளக்கத்தை எதிர்த்துக் கிளம்பியது. 2023 நவம்பரில் விவகாரம் ஹேக்கிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்திடம் அனுப்பப்பட்டது. 1966இன் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமை உடன்படிக்கையோ எட்டாம் பிரிவில் இவ்வுரிமையை வெளிப்படையாகவே சொல்கிறது, 'நாட்டின் சட்டங்களுக்கு உட்பட்டு' என்ற வாலோடு. இந்தியா 1979இல் அதில் சேர்ந்தபோது எட்டாம் பிரிவுக்குத் தனி நிபந்தனை எழுதிக்கொண்டது. 87ஆம் உடன்படிக்கையை ஏற்கவே இல்லை. 2003இல் தமிழக அரசு ஏறத்தாழ 1.7 லட்சம் ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியபோது, வேலைநிறுத்தத்துக்குச் சட்ட உரிமை மட்டுமல்ல, தார்மீக உரிமையும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம்.

நம் மக்களுக்கு இதில் இன்னொரு கண்ணி உண்டு: 'அத்தியாவசியப் பணி'. நிறுத்தினால் மக்களின் உயிர், பாதுகாப்பு, உடல்நலம் ஆபத்துக்குள்ளாகும் பணிகளே அத்தியாவசியம் என்பது ஜெனீவாவின் அளவுகோல். குப்பை அள்ளுவது அதில் இயல்பாக வராது. நிறுத்தம் நாள்கணக்கில் நீண்டால் வரலாம். அள்ளுபவர் யார் என்று நமக்குத் தெரியும். கூலி கேட்டால் ஒப்பந்தக்காரரைக் காட்டும் நகராட்சி, வேலையை நிறுத்தினால் மட்டும் அத்தியாவசியம் என்கிறது. உரிமையைப் பறித்தால் ஈடாகப் பாரபட்சமற்ற, விரைவான நடுவர் முறை தர வேண்டும் என்பதும் அதே ஜெனீவாவின் விதிதான். எந்த நகராட்சியில் அது இருக்கிறது?