பந்தியில் விழுந்த கோடு

‘கடைச்சோறு தின்பவன்’ என்று ஒருவனைச் சொன்னால், அவனுக்கு வீடில்லை, அல்லது வீட்டில் அவனுக்கு மதிப்பில்லை என்று பொருள்பட்ட காலம் ஒன்று தமிழகத்தில் இருந்தது. இன்று திருச்சிராப்பள்ளியின் சாலையோரத் துரித உணவுக் கடைகளின் முன்னே மாலை நேரத்தில் கூடி நிற்கும் இளைஞர்களைக் கண்டு முகஞ்சுளிக்கும் பெரியவர்கள், தம்மையறியாமலே அந்தப் பழைய வழக்கைத்தான் தொடர்ந்து நடத்துகிறார்கள். உடல்நலம் கருதிச் சொல்லப்படும் அறிவுரை வேறு. அதை மருத்துவர்கள் சொல்லட்டும். ஒருவன் எங்கே உண்டான், யாரோடு உண்டான் என்பதைக் கொண்டு அவனுடைய குலத்தையும் குணத்தையும் ஊர் அளந்த வரலாற்றையே ஈண்டு நோக்குவோம். அவ்வரலாற்றின் முக்கியமான சில ஏடுகள் திருச்சியையும் திருவரங்கத்தையும் சார்ந்தவை.

நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட இருப்புப் பாதை 1862இல் திருச்சியை வந்தடைந்தது. பின்னர் தென்னிந்திய இரயில்வேயின் தலைமையகமே இந்நகரில் அமைந்தது. அதுவரை பயணம் என்றால் கட்டுச்சோறு, சத்திரம், தன் இனத்தார் வீட்டுத் திண்ணை என்று இருந்தது. வண்டி நிற்கும் சில நிமிடங்களுக்குள் இறங்கி, முன்பின் அறியாதவர் சமைத்ததை, முன்பின் அறியாதவர் பக்கத்தில் இருக்க, அவசரமாக உண்டுவிட்டு ஏற வேண்டிய நிலையை இரயில் கொண்டுவந்தது. துரித உணவு நம் நாட்டுக்கு வந்தது அன்றுதான் என்று சொன்னாலும் தவறில்லை.

இரயில் உடைத்ததை ஒட்டவைக்கக் கோடுகள் தேவைப்பட்டன. நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைகளில் ‘பிராமணாள்’ என்று ஒரு பகுதியும் ‘இதராள்’ என்று மற்றொரு பகுதியும் பிரிக்கப்பட்டன. வடநாட்டு நிலையங்களில் ‘இந்து பானி’, ‘முசல்மான் பானி’ என்று தண்ணீர்ப் பானைகளுக்கும் மதம் வந்தது. நகரங்களில் பெருகிய காப்பி கிளப்புகள் இதே முறையைப் பின்பற்றின. உள்ளே அமர்ந்து குடிக்க உரிமையுள்ளவர் சிலர்; ஒதுக்குப்புறத்தில் நின்று குடிக்க வேண்டியவர் பலர். தாழ்த்தப்பட்டோருக்கு அந்த ஒதுக்குப்புறம் கூட அரிது. இவ்வளவு கட்டுக்காவல் இருந்தும், கிளப்புக்குப் போகிற பிராமணரையும் அவருடைய உறவினர் நிம்மதியாக விடவில்லை. காப்பி என்னும் புதிய பழக்கம் ஒழுக்கத்தையும் குடும்பத்தையும் கெடுக்க வந்த பிசாசு என்ற பாணியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இதழ்களில் கட்டுரைகள் வந்தன. பழையதைக் கைவிட்டுக் காப்பி தேடும் பெண்களுக்கு ஏச்சு இன்னும் அதிகம். தேநீரோ உழைப்பாளியின் பானம் என்றும் முஸ்லிம்களின் பானம் என்றும் ஒரு படி கீழே வைக்கப்பட்டது. இன்று எல்லோரும் இரண்டையும் குடிக்கிறோம். குடும்பங்கள் அதனால் குலைந்துவிடவில்லை.

இப்பொழுது இரு மனிதர்களைக் காண்போம். ஒருவர் திருச்சி வரகனேரியில் 1881இல் பிறந்த வ. வே. சு. ஐயர். மற்றவர் திருவரங்கத்தைச் சேர்ந்த டாக்டர் தி. சே. சௌ. இராஜன். ஒருவர் சட்டமும் மற்றவர் மருத்துவமும் பயில இலண்டன் சென்றனர். கடல் கடந்தவன் தீண்டத்தகாதன தின்றிருப்பான் என்று ஊர் முடிவுகட்டிய காலம் அது. திரும்பி வந்தவன் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும் என்று வைதிகர் கேட்ட காலம். 1909ஆம் ஆண்டு விஜயதசமி விருந்தை இலண்டன் வாழ் இந்திய இளைஞர் தாமே சமைத்து நடத்தினர். மெலிந்த சிறிய உருவத்தினர் ஒருவர் முன்னதாகவே வந்து, தட்டுகளைக் கழுவியும் காய்கறி நறுக்கியும் உதவிக்கொண்டிருந்தார். அவர் யாரென்று எவரும் கேட்கவில்லை. பின்னர் அங்கு வந்த ஐயர்தாம் அடையாளம் கண்டுகொண்டார். அன்றைய விருந்துக்குத் தலைமை தாங்க வேண்டிய காந்தியடிகளே அவர்! இராஜன் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது. அடுத்த ஆண்டில் ஆங்கில அரசின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, முஸ்லிம் வேடம் பூண்டு புதுச்சேரி வந்து சேர்ந்தவரும் அதே ஐயர்தாம்.

இத்தகைய ஒருவருடைய பெயர்தான் தமிழ்நாட்டின் மிகப்பெரிய பந்தி வழக்கில் சிக்கியது என்பது வருந்தத்தக்கது. சேரன்மாதேவியில் ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரசு பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, அதில் ஐயாயிரம் ரூபாயைக் கொடுத்தும் விட்டது. எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் ஒன்றாக வாழ்ந்து பயில வேண்டிய அந்த இடத்தில் பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் தனியே உண்டனர். பெற்றோர் கேட்டுக்கொண்டதற்காக இசைந்தேன் என்பது ஐயர் தந்த விளக்கம். பிறரோடு அமர்ந்து உண்பதில் தமக்கு எவ்விதத் தடையும் இல்லாதவர் அவர். ஆயினும் பெற்றோரின் கூச்சத்துக்கு இடங்கொடுத்தார். பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் அந்தக் கூச்சம் சட்டமாகிவிட்டது. இரண்டு இலைகள் தள்ளிப் போடப்பட்டபோது, மீதிப் பிள்ளைகள் தம்மைப் பற்றி என்ன எண்ணிக்கொண்டிருப்பர்? டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் எழுப்பிய கேள்வியின் சாரம் இதுதான். மிகுந்த ஐயாயிரத்தைக் கொடுக்கப் பெரியார் மறுத்தார். வழக்கு காந்தியடிகள் வரை சென்றது.

தீர்ப்பு வழங்கப்பட்ட ஊர் திருச்சி. 1925 ஏப்ரலில் இங்கு கூடிய தமிழ்நாடு காங்கிரசுக் குழுவில், பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் கருத்தமைந்த தீர்மானத்தை எஸ். இராமநாதன் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. அதற்கு உடன்படாத இராஜாஜி, டாக்டர் இராஜன் முதலியோர் குழுவிலிருந்து விலகினர். ஐயரும் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவியில், நீரில் விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து தாமும் உயிர் நீத்தார். வயது 44. அதே ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமை மறுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். ஒரு சாப்பாட்டுக் கூடத்தில் விழுந்த கோடு தமிழக அரசியலையே இரண்டாகப் பிளக்க உதவியது.

இராஜன் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1930 ஏப்ரல் 13இல் வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகப் படை புறப்பட்டது திருச்சியிலிருந்த அவர் இல்லத்திலிருந்துதான். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர் சிறை செல்ல நேரும் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டுச் சென்றனர். எந்த வீட்டு அடுப்பில் வெந்தது, எந்தக் குலத்தார் கை கட்டியது என்று விசாரிக்க அம்மரத்தடியில் யாரும் இல்லை. பசித்தவர் அவிழ்த்து உண்டனர்.

நம் வீடுகளின் பக்கமும் சற்றுத் திரும்புவோம். ஒரே சஹனைச் சுற்றி நால்வராய், ஐவராய் அமர்ந்து உண்ணும் வழக்கமுடைய சமுதாயம் நம்முடையது. சேர்ந்து உண்பதையும் தனித்து உண்பதையும் ஒருசேர அனுமதிக்கும் வசனம் திருமறையின் அந்நூர் அத்தியாயத்தில் உண்டு. ஆகாரத்தில் ஹலால், ஹராம் பேணுவது நம் கடமை. அது உண்பவன் தன்னைத்தானே காத்துக்கொள்வது. பக்கத்தில் இருப்பவனின் தகுதியை அளக்கும் கோலாக அதனை எவரும் நமக்குத் தரவில்லை. ஆனால், கடையில் வாங்கி வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்த மருமகளைச் ‘சமைக்கத் தெரியாதவள்’ என்று பேசும் வாய்கள் நம்மிடையே இல்லையா? வேலைக்குச் சென்று திரும்பும் பெண்ணின் கையிலுள்ள பரோட்டாப் பொட்டலத்தைக் கொண்டு அவளுடைய தாய்வீட்டு வளர்ப்பையே அளப்பவரை நாம் கண்டதில்லையா? அதே பொட்டலத்தை மகன் வாங்கி வந்தால் அது பாசமாகிவிடும்!

தென்னிந்திய இரயில்வே தன் உணவு விடுதிகளிலிருந்த பிரிவினையை 1941இல் நீக்கியது. பல ஆண்டுகளாக நடந்த கிளர்ச்சியின் பயன் அது. சில ஆண்டுகள் கழித்து, டில்லிச் செங்கோட்டையில் சிறை வைக்கப்பட்ட இந்திய தேசிய இராணுவ வீரர்களுக்கு ‘இந்து தேநீர்’, ‘முஸ்லிம் தேநீர்’ என்று தனித்தனியே கொடுக்கப்பட்டதாம். அவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து பங்கிட்டுக் குடிப்பதாக அவர்கள் காந்தியடிகளிடம் தெரிவித்தனர்.

பெயர்ப் பலகைகள் அவ்வளவு எளிதில் இறங்கவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் விடுதியின் முன் ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்து 1957இல் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நீண்டது. நூற்றுக்கணக்கானோர் சிறை சென்ற பிறகே அச்சொல் அழிந்தது. 2012இல் திருவரங்கத்திலேயே அச்சொல்லைத் தாங்கிய உணவகப் பலகை ஒன்று எழ, திராவிடர் கழகத்தார் மீண்டும் கிளர்ந்தனர். ‘முஸ்லிம் ஓட்டல்’ என்று நாமும் எழுதி வைத்ததில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதினோம். உள்ளே கிடைக்கும் ஆகாரத்தின் தன்மையை அப்பலகை சொன்னது. வாசலில் நிறுத்தப்பட வேண்டியவர் யார் என்று சொல்லவில்லை. எந்தக் குலத்தாரும் எந்த மதத்தாரும் பிரியாணிக்காக அங்கே வந்து அமர்ந்தனர். ‘பிராமணாள்’ என்பது சைவச் சமையலைக் குறிக்கும் சொல்லே என்று சமாதானம் கூறுவோர் உண்டு. அதற்குச் ‘சைவம்’ என்று எழுதினால் போதாதா?