சுருள் விதானம்

வீட்டுச் சுவரில் பொருத்தப்பட்டு, வேண்டும்போது முற்றத்தின்மேல் விரிந்து நிழல் தருவதும், வேண்டாதபோது உருளையில் சுருண்டு சுவரோடு ஒடுங்குவதுமான துணிக்கூரை சுருள் விதானம் எனப்படும். கோடையில் நிழலையும் குளிர்காலத்தில் வெயிலையும் விரும்பும் ஐரோப்பிய, அமெரிக்க இல்லங்களில், தோட்டத்தை நோக்கிய தளம் பாவிய முற்றங்களுக்கு இது பெரிதும் பயன்படுகிறது. துணியால் வெயிலை மறைக்கும் வழக்கம் மிகப் புராதனமானது, கி.பி. 80-இல் திறக்கப்பெற்ற ரோமாபுரியின் கொலோசியத்தில் பார்வையாளருக்கு நிழல் தந்த பெருந்திரைகளைக் கயிறு பிடித்து இயக்கியவர்கள் கப்பற்படை மாலுமிகள். ஸ்பெயினின் செவில் நகரத்துக் கடைவீதிகளில் இன்றும் கோடைதோறும் குறுக்கே துணி கட்டுகிறார்கள்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்புப்படி, ஜன்னல்மேல் அமையும் விதானம், உள்ளே புகும் சூரிய வெப்பத்தைக் கோடையில் தெற்கு ஜன்னல்களில் 65 சதவீதம் வரையிலும் மேற்கு ஜன்னல்களில் 77 சதவீதம் வரையிலும் குறைக்கவல்லது. ஆயினும் மாலை வெயில் தாழ்ந்து வருவதால், மேற்கு முற்றத்துக்கு விதானம் மட்டும் போதாது. அதன் முன்விளிம்பிலிருந்து கீழே இறங்கும் திரையும் அவசியமாகும்.

விதானத்தின் பிராணன் அதன் கைகளில் இருக்கிறது. மனிதனுடைய முழங்கையைப் போல நடுவில் மடங்கும் இரண்டு அலுமினியக் கைகள், தம்முள் அடங்கிய சுருள்வில்லின் விசையால் முன்சட்டத்தை எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதனாலேயே துணி தொய்வின்றி நிற்கிறது. உருளையைக் கைப்பிடியாலோ அதனுள் வைத்த மின்மோட்டாராலோ சுழற்றலாம். சுருங்கும்போது கைகள் ஒன்றையொன்று நோக்கி மடங்கி ஒரே வரிசையில் படுக்க வேண்டியிருப்பதால், சாதாரண அமைப்பில் விதானத்தின் அகலம் அதன் நீட்டத்தைவிட அதிகமாக இருந்தாக வேண்டும். மூன்று மீட்டர் அகலமுள்ள சுவரில் மூன்றரை மீட்டர் நீளும் விதானத்தைக் கேட்பவர்கள் இதை அறிவதில்லை.

துணிகளில் அக்ரிலிக் சிறந்தது. இழை உருவாகும் முன்னரே சாயம் கலக்கப்படும் வகையில், நிறம் இழையின் உள்ளும் புறமும் ஊறியிருப்பதால் வெயிலில் எளிதில் வெளுப்பதில்லை. அது தூறலைத் தாங்குமேயன்றிப் பெருமழைக்கு உரியதன்று. நீர் தேங்காமல் வடிவதற்குச் சுமார் 14 பாகை சரிவு வேண்டும். அதாவது மூன்று மீட்டர் நீட்டத்துக்கு முன்விளிம்பு முக்கால் மீட்டர் தாழும். ஆகவே தலை இடிக்காமல் நடமாடவும், வெளிப்புறம் திறக்கும் கதவு தடைப்படாமல் இருக்கவும் எவ்வளவு உயரத்தில் பொருத்த வேண்டுமென்பதை வாங்குமுன்னரே அளந்துகொள்ள வேண்டும். நனைந்த துணியைச் சுருட்ட நேர்ந்தால், பூஞ்சணம் பிடிக்குமுன் மறுபடி விரித்து உலர்த்துதல் நலம்.

விதானத்தின் பரம சத்துரு காற்று. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று, தான் நேராக மோதும் பரப்பில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஆறு கிலோ எடையை ஒத்த அழுத்தம் தருவது. நான்கு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீட்டமும் உள்ள விதானத்தின்மீது அவ்வழுத்தம் முழுவதும் விழுமானால், மொத்தம் எழுபது கிலோவுக்கு மேற்படும். அந்தப் பாரம் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று நெம்புவதாலும், விதானத்தைச் சுவரில் பிடித்திருக்கும் தாங்கியின் மேல் ஆணிக்கும் கீழ் ஆணிக்கும் இடைவெளி சுமார் பதினைந்து சென்டிமீட்டரே இருப்பதாலும், மேல் ஆணிகள் யாவும் சேர்ந்து ஏற்கும் இழுப்பு பத்து மடங்காகி எழுநூறு கிலோவைக் கடக்கிறது. காற்று வலுக்கும்போது தானே சுருங்கச் செய்யும் உணர்கருவியை மோட்டாருடன் இணைத்துக்கொள்வது ஆடம்பரம் அன்று.

இந்த இழுப்பைத் தாங்க, தாங்கிகள் கெட்டியான செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ ஊன்றப்பட வேண்டும். துளைச்செங்கல் சுவருக்குப் பிசின் இட்டு இறுக்கும் ஆணிகள் தேவை. மரச்சட்ட வீடுகளில் வெளிப்பலகையை நம்பாமல் உள்ளிருக்கும் தூண்சட்டத்தில் முடுக்குவதே முறை. மடங்கிய கைகளைப் பிணைத்து வரும் கட்டுகளை, விதானம் சுவரில் ஸ்திரமாக அமருமுன் அவிழ்த்தால், வில்லின் விசையால் கை தெறித்து வேலையாளுக்குக் கொடிய காயம் விளையும்.

வாங்குவோர் பலர் துணியின் நிறத்தில் காட்டும் சிரத்தையைச் சுவரில் காட்டுவதில்லை. சுவர் எதனால் ஆனதென்று திட்டமாக அறியாதவர்கள், முன்பணம் கொடுக்குமுன் தேர்ந்த கொத்தனாரையோ கட்டடப் பொறியாளரையோ அழைத்து அதனைப் பரிசோதிக்கச் செய்வார்களாக.