சுழல் ஊரில் வந்த வேகம்

போன சனிக்கிழமை, மெல்பர்னில் பையனுக்கு மேட்ச். நாலு ஓவர் அருமையாகப் போட்டான். "இன்னும் ரெண்டு ஓவர் கொடுக்கலாமே?" என்று கோச்சிடம் கேட்டேன். "இவன் வயசுக்கு இவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். இங்கே சின்னப் பசங்க வேகப்பந்து வீச வயதுவாரியாகக் கணக்கு உண்டு. எனக்குக் கடுப்பு. காரில் வரும்போது பெங்களூர் ஞாபகம் வந்தது.

1996 மார்ச் 9. அப்போது எனக்கு பெங்களூரில் வேலை. சின்னசாமி ஸ்டேடியத்தில் உலகக்கோப்பை கால் இறுதி. வெங்கடேஷ் பிரசாத் பந்தை பவுண்டரிக்கு விரட்டிவிட்டு ஆமிர் சோஹைல் சைகை காட்ட, அடுத்த பந்திலேயே போல்டு! டிவி முன்னால் நாங்கள் போட்ட ஆட்டத்தில் வீட்டு ஓனரே மேலே வந்துவிட்டார். 39 ரன்னில் ஜெயித்தோம்.

கர்நாடகா என்றால் அதற்கு முன் பிரசன்னா, சந்திரசேகர். சுழல்தான். 70களில் நம் டீமில் புதுப்பந்து போடுவதே பளபளப்பைத் தேய்க்கத்தான். கவாஸ்கர்கூடப் போட்டிருக்கிறார்! 1978ல் கபில்தேவ் வந்தார், ஆனால் அவர் ஒருவர்தான்.

மாற்றம் நம்ம சென்னையில் ஆரம்பித்தது. 1987ல் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கி, ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியை வரவழைத்தார்கள். கூடவே நம் டி.ஏ.சேகர். லில்லி 1973ல் முதுகெலும்பு விரிசலால் படுத்து, மறுபடி எழுந்து வந்தவர். எனவே வேகத்தோடு உடம்பைக் காப்பதும் அவருக்குப் பாடம்தான். இடுப்பு ஒரு திசை, தோள் ஒரு திசை என்று வீசினால் கீழ்முதுகு முறுக்கிக்கொள்ளும். நாளடைவில் எலும்பு விரியும். இரண்டும் ஒரே திசையில் திரும்ப வேண்டும். மைசூர் ஸ்ரீநாத்தும் பெங்களூர் பிரசாத்தும் அங்கே பயிற்சி எடுத்தவர்கள்தான். 2012ல் லில்லி இடத்துக்கு வந்த மெக்ராத்தும் இளவயதில் அங்கே வந்து கற்றவர்.

ஆனால் ஆக்‌ஷன் மட்டும் போதாது, ஓய்வும் வேண்டும். ஸ்ரீநாத்துக்கே 1997ல் தோளில் ஆபரேஷன். 2000ல் தேசிய கிரிக்கெட் அகாடமி பெங்களூரில் வந்தது. முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு பும்ரா அங்கேதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பந்துவீச ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் திரும்பினார். இந்தியாவின் நம்பர் ஒன் பவுலருக்கே எண்ணித்தான் பந்து கொடுக்கிறார்கள். என் பையன் எம்மாத்திரம்?

"அடுத்த வாரமும் நாலு ஓவர்தானாப்பா?" என்றான்.

"ஆமாம்டா கண்ணா, கோச் சொன்னா சரி."

பெருமைக்காக இன்னும் ரெண்டு ஓவர் கேட்டது நான். முதுகு அவனுடையது.