சாதன மரமும் இருநிலைக் கட்டுப்படுத்திகளும்

இருநிலைக் கட்டுப்படுத்தி என்பது, ஒரே தரவுப்பாதையில் தொடர்பை முன்னின்று நடத்தும் தலைமைக் கருவியாகவும், பிறிதொரு கணினிக்குக் கட்டுப்பட்ட துணைக்கருவியாகவும் மாறி மாறிச் செயல்படவல்ல மின்னணுச் சுற்றாகும். கணினியோடு இணைக்கப்பட்ட கைபேசி துணைக்கருவியாக நின்று கோப்புகளை அளிக்கிறது. அதே கைபேசியில் பென் டிரைவைச் செருகினால் அது தலைமைக் கருவியாகிவிடுகிறது. உட்பொதி கருவிகளில் இத்தகைய சுற்றுகளை இயக்குதளத்துக்கு அறிவிக்கும் விவரக் கோப்பு ‘டிவைஸ் ட்ரீ’ எனப்படும் சாதன மரம் ஆகும். வன்பொருள் எத்தகையது என்பதை மட்டும் உரைக்க வேண்டும், அதைப் பயன்படுத்தும் விதத்தை மென்பொருளுக்கு விட்டுவிட வேண்டும் என்ற கொள்கையுடைய இக்கோப்பில், இரு பங்குகளை ஏற்கவல்ல வன்பொருளை எவ்வாறு விவரிப்பது என்பதே இத்துறையின் வரலாற்றை நடத்திவந்த கேள்வியாகும்.

சாதன மரத்தின் தோற்றம்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் மிட்ச் பிராட்லி உருவாக்கிய ‘ஓப்பன்பூட்’ என்ற துவக்க மென்பொருளில் இதன் வேர் உள்ளது. கணினியின் உறுப்புகளைக் கிளைகளாகவும் கணுக்களாகவும் அடுக்கிக் காட்டும் அம்முறை, ‘ஓப்பன் ஃபர்ம்வேர்’ என்ற பெயரில் 1994-இல் ஐஇஇஇ 1275 தரநிலையாக ஏற்கப்பட்டது. அம்மென்பொருள் முழுவதையும் சிறிய மின்சுற்றுப் பலகைகளில் ஏற்றுவது பெருஞ்சுமையாக இருந்ததால், 2005-ஆம் ஆண்டையொட்டி லினக்ஸின் பவர்பிசி செயலிகளுக்கான பிரிவில் பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட் முதலியோர் மரத்தை மட்டும் தனியே பிரித்து, தட்டையான இருமக் கோப்பாக வடிவமைத்தனர். மனிதர் படிக்கத்தக்க மூல உரையை இருமக் கோப்பாக மாற்றும் ‘டிடிசி’ என்ற கருவியை டேவிட் கிப்சன் எழுதினார். அக்கோப்பைத் துவக்கநிரல் நினைவகத்தில் ஏற்றி, இயக்குதளத்தின் கருவான கெர்னலிடம் ஒப்படைக்கிறது.

எல்லா வன்பொருளுக்கும் இத்தகைய விவரம் தேவையில்லை; யூஎஸ்பியில் செருகப்படும் கருவி தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஆனால் சில்லுக்குள் பொதிந்த கட்டுப்படுத்திக்கு அத்திறன் இல்லாததால், அதன் நினைவக முகவரி, குறுக்கீட்டு எண், கடிகாரத் துடிப்பு ஆகியவற்றை வேறொருவர் சொல்லியாக வேண்டும். ஏஆர்எம் செயலி கொண்ட பலகைகளில் அவ்விவரங்கள் பலகைதோறும் தனித்தனி சி நிரல்களாகக் கெர்னலுக்குள் பெருகியதை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல் கடுமையாகக் கண்டித்த பின், ஏஆர்எம் பிரிவும் சாதன மரத்துக்கு மாறியது. இதற்கான பொது விவரக்குறிப்பின் முதல் பதிப்பு 2016-இல் வெளியானது.

யூஎஸ்பியும் பங்கைக் குறிக்கும் பண்பும்

1996-இல் வெளியான யூஎஸ்பி, தலைமைக்கும் துணைக்கும் வெவ்வேறு வடிவச் செருகிகளை வகுத்து இரண்டையும் கண்டிப்பாகப் பிரித்து வைத்திருந்தது. 2001-இல் வந்த ‘ஆன் தி கோ’ துணைக்குறிப்பு இந்தப் பிரிவினையைத் தளர்த்தியது. செருகியில் கூடுதலாக அமைந்த ‘ஐடி’ முனை தரையோடு இணைக்கப்பட்டிருந்தால் கருவி தலைமைப் பங்கிலும், இணைப்பின்றி விடப்பட்டிருந்தால் துணைப் பங்கிலும் தொடங்கும்.

இப்பங்கைச் சாதன மரத்தில் குறிக்க, ஃப்ரீஸ்கேல் நிறுவனத்தின் பவர்பிசி சில்லுகளுக்காகக் கட்டுப்படுத்தியின் கணுவில் ‘டிஆர்_மோட்’ என்ற பண்பு சேர்க்கப்பட்டது. ‘ஹோஸ்ட்’, ‘பெரிபெரல்’, ‘ஓடிஜி’ ஆகிய மூன்றில் ஒன்றை அது மதிப்பாக ஏற்கும். இவை முறையே தலைமை, துணை, சூழலுக்கேற்ப இரண்டும் என்பவற்றைக் குறிக்கும். பண்பு எழுதப்படாத இடத்தில், பழைய கோப்புகளோடு ஒத்துப்போவதற்காகத் தலைமைப் பங்கே கொள்ளப்பட்டது. பின்னர் இப்பண்பு எல்லா யூஎஸ்பி கட்டுப்படுத்திகளுக்கும் பொதுவானபோது, எழுதப்படாத இடத்தில் ‘ஓடிஜி’ எனக் கொள்ளுமாறு விதி அமைந்தது.

பங்கைக் கோப்பில் எழுதுவது பயன்பாட்டு விருப்பத்தை வன்பொருள் விவரத்தில் கலப்பதாகாதா என்ற ஐயத்துக்குப் பலகையின் அமைப்பே விடை தருகிறது. சில்லு இரு பங்குகளுக்கும் தகுதியுடையதாயினும், 5 வோல்ட் மின்சாரத்தை எப்போதும் வெளியே அளிக்கும் ஏ வகைச் செருகுவாயோடு அது பிணைக்கப்பட்டுவிட்டால் தலைமைப் பங்கைத் தவிர வேறு வழியில்லை. இதனால் சில்லின் பொதுக் கோப்பு திறனை உரைக்க, பலகையின் கோப்பு பங்கை வரையறுக்கிறது. பீகிள்போன் பிளாக் பலகையில் ஒரே வகைக் கட்டுப்படுத்திகள் இரண்டு இருக்க, மினி செருகுவாயோடு சேர்ந்தது ‘பெரிபெரல்’ எனவும், ஏ வகைச் செருகுவாயோடு சேர்ந்தது ‘ஹோஸ்ட்’ எனவும் எழுதப்பட்டிருப்பது இதற்குத் தெளிவான சான்றாகும்.

டைப்-சி கொணர்ந்த மாற்றம்

2014-இல் அறிமுகமான டைப்-சி செருகியில் ஐடி முனை இல்லை. ‘சிசி’ முனைகளில் நிகழும் மின்னழுத்த மாற்றங்களைத் தனிச் சில்லொன்று கவனித்துப் பங்கை அறிவிக்கிறது. முடிவெடுக்கும் உறுப்பும் அதை நிறைவேற்றும் உறுப்பும் வேறாகிவிட்டதால், செருகுவாய்க்கே தனிக் கணு வகுக்கப்பட்டு, அது கட்டுப்படுத்தியோடு ‘போர்ட்’, ‘எண்ட்பாயிண்ட்’ என்ற துணைக்கணுக்களால் இணைக்கப்படுகிறது. பங்கு மாற்றத்துக்கான பொதுக் கட்டமைப்பு 2018-இல் லினக்ஸில் இடம்பெற்றது. கட்டுப்படுத்தி மாற்றத்தை ஏற்கவல்லது என்பதை ‘யூஎஸ்பி-ரோல்-ஸ்விட்ச்’ என்ற பண்பு தெரிவிக்கிறது.

பிற தரவுப்பாதைகள்

பிசிஐ எக்ஸ்பிரஸ் கட்டுப்படுத்திகளில் தலைமைப் பங்கு ‘ரூட் காம்ப்ளெக்ஸ்’ எனவும் துணைப் பங்கு ‘எண்ட்பாயிண்ட்’ எனவும் வழங்கும். துணைப் பங்குக்கான கட்டமைப்பு 2017-இல் லினக்ஸில் சேர்ந்தது. தலைமைப் பங்கு தனக்குக் கீழுள்ள கருவிகளுக்கு உரிய முகவரி எல்லைகளை அறிய வேண்டியிருக்க, துணைப் பங்குக்கு எதிர்முனைக் கணினியின் நினைவகத்தை அணுகும் முகவரிச் சாளரம் தேவைப்படுகிறது. இவ்வாறு விவரங்களே வேறுபடுவதால், ஒரே சுற்றுக்கு இரு கணுக்களை, பொருந்தும் இயக்கியைக் காட்டும் வெவ்வேறு இணக்கப் பெயர்களோடு எழுதி, பலகைக்கு ஏற்ற ஒன்றை மட்டும் இயக்கும் வழக்கம் நிலைபெற்றது. எஸ்பிஐ பாதையிலோ, கட்டுப்படுத்தியின் கணுவில் ‘எஸ்பிஐ-ஸ்லேவ்’ என்ற ஒற்றைப் பண்பைச் சேர்ப்பதே போதுமானதாயிற்று.

இன்றைய நிலை

நெடுங்காலம் வெறும் உரைக்குறிப்புகளாக இருந்த விதிகள், சாதன மரப் பராமரிப்பாளர் ராப் ஹெரிங் முன்னெடுத்த பணியால் ‘யாமல்’ என்ற உரை வடிவத்தில் எழுதப்பட்டு, கணினியே கோப்பைச் சரிபார்க்கும் நிலை உருவானது. ‘டிஆர்_மோட்’ பண்பின் மதிப்பில் நேரும் எழுத்துப்பிழை, பலகை இயங்காமல் போன பிறகன்றி, கோப்பைத் தொகுத்துச் சோதிக்கும்போதே இன்று வெளிப்பட்டுவிடுகிறது. எனினும் எல்லைக்கோடு முற்றிலும் தெளிவாகிவிடவில்லை. ராஸ்பெரி பை ஸீரோ பலகையை வலைப்பின்னல் துணைக்கருவியாக்க விரும்புவோர், மூலக் கோப்பின்மேல் மாற்றங்களைச் சேர்க்கும் மேலடுக்குக் கோப்பின் வழியே அதே பண்பைத் தாமே மாற்றி எழுதுகின்றனர். செருகுவாய் இரு பங்குகளுக்கும் இடமளிக்கும் பலகைகளில், கோப்பு திறனை மட்டும் அறிவித்து, பங்கைத் தேரும் உரிமையை இயங்கும் அமைப்புக்கு விட்டுவைப்பதே சாதன மரத்தின் அடிப்படைக் கொள்கைக்கு நெருக்கமான முறையாகும்.