இடப் பற்றாக்குறையும் அழித்தலின் வரலாறும்

கணினி வைத்திருக்கும் வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒருநாள் அந்த அறிவிப்பு வந்து சேர்கின்றது. சி தட்டில் இடம் குறைந்துவிட்டது என்கின்றது திரை. நீல நிறப் பட்டை சிவப்பாகின்றது. இயந்திரம் தடுமாறுகின்றது, இற்றைப்படுத்தல் பாதியில் நிற்கின்றது, அச்சிடக் கொடுத்த ஆவணம் அச்சாகாமற் கிடக்கின்றது. உடனே எதையாவது அழிக்க வேண்டும் என்ற பதற்றம் பிறக்கின்றது. அப்போது முதலிற் கண்ணிற் படுபவை நமது படங்களும் கடிதங்களுமே. அவற்றின் பெயர்கள் நமக்குத் தெரியும். தட்டை உண்மையில் நிரப்பியிருப்பவற்றின் பெயர்கள் நமக்குத் தெரியா. இதனால் பெரும்பாலான வீடுகளில் முதலில் அழிவது மீட்க முடியாத பொருளாகவும், கடைசிவரை தங்கியிருப்பது எப்போதும் திரும்பப் பெறத்தக்க பொருளாகவும் அமைந்துவிடுகின்றது.

இடம் போதாமல் எதையோ கைவிடும் வழக்கம் கணினியுடன் தொடங்கியதன்று. ஓலைச் சுவடி நமது தட்பவெப்பத்தில் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுவர். பின்னர் பழையதை நீரில் விடுவர். படியெடுத்த பின் விடுவது என்பதே அந்த ஒழுங்கின் உயிர்நாடி. படியெடுக்கும் கை அற்றுப்போன காலத்திலும் நீரில் விடும் சடங்கு மட்டும் தொடர்ந்தது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதையையும், கோவிலொன்றில் அவற்றைத் தீயில் இட்ட கதையையும் உ. வே. சாமிநாதையர் தமது வாழ்க்கை வரலாற்றில் வேதனையோடு பதிவு செய்துள்ளார். கிழக்கிலங்கையில் அந்தப் படியெடுக்கும் மரபு அச்சுக்காலம் வரை நீடித்தது நமது நற்பேறு. எவ். எக்ஸ். சி. நடராசா அவர்கள் ஏட்டுப் பிரதிகளிலிருந்து பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ 1962 இல் வெளிவந்தது. யாரோ ஒருவர் படியெடுத்து வைத்ததனால் அது நமக்குக் கிடைத்தது.

கணினித் தட்டின் வரலாறு 1956 இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் கணினியின் சேமிப்புப் பெட்டியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. நிறை ஒரு தொன்னுக்கு மேல். கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் படங்கள் ஒன்றிரண்டைத்தான் அதில் அடக்கலாம். அத்தொகுதியின் மாத வாடகை 3,200 டொலர். இடம் அவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தபோது நிரலாளர்கள் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணிச் செலவழித்தனர். 80 நிரல்களே கொண்ட துளை அட்டைக் காலத்திலிருந்தே ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்களே போதும் என்று வைத்துக்கொண்டனர். 1960 என்பது 60 ஆயிற்று. 19 என்பதை யார் மறக்கப்போகின்றார்கள் என்று எண்ணினர். 2000 ஆம் ஆண்டு நெருங்கியபோது அந்த இரண்டு இலக்கங்களைத் திரும்பச் சேர்ப்பதற்கு உலக நாடுகள் பல்லாயிரம் கோடி டொலர் செலவிட நேர்ந்தது. இடத்தை மிச்சப்படுத்துவதற்கும் ஒரு விலை உண்டு. அதைப் பெரும்பாலும் பின்வருவோரே செலுத்துகின்றனர்.

நமது தட்டுக்குச் சி என்ற பெயர் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1981 இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில் ஏ, பி என்ற இரண்டும் நெகிழ்தட்டுகளுக்குரிய பெயர்கள். 1983 இல் வந்த எக்ஸ்.டி. கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இணைந்தபோது அடுத்த எழுத்து அதற்குக் கிடைத்தது. அக்கால டொஸ் இயங்குதளம் 32 மெகாபைட்டுக்கு மேற்பட்ட பகுதியை ஒரே தட்டாகக் கையாள அறியாது. 1987 இல் வந்த டொஸ் 3.3 பதிப்பு, பெரிய வன்தட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து டி, இ என்று பெயரிட வழி செய்தது. அந்த வரம்பு நீங்கிப் பல்லாண்டுகள் ஆன பின்னும் தட்டைக் கூறு போடும் பழக்கம் நமது கடைகளில் நிலைத்துவிட்டது. இயங்குதளத்துக்கு ஒரு சிறு சி, மற்றவற்றுக்கு ஒரு பெரிய டி. டி வெறுமையாகக் கிடக்கச் சி மூச்சுத் திணறுவதன் வேர் இங்கே இருக்கின்றது.

1990 இல் ஸ்டாக் என்னும் அமெரிக்க நிறுவனம் தட்டிலுள்ளவற்றைச் சுருக்கி ஏறக்குறைய இரு மடங்கு இடம் தரும் ஸ்டாக்கர் என்ற மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1993 இல் மைக்ரோசொப்ட் தனது டொஸ் 6.0 இல் டபுள்ஸ்பேஸ் என்ற பெயரில் அதே வசதியைச் சேர்த்தது. ஸ்டாக் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1994 இல் யூரிகள் சபை 12 கோடி டொலர் இழப்பீடு விதித்தது. இந்த வழக்கு பரவலாக அறியப்பட்டது. அதே மென்பொருளைப் பயன்படுத்திய சிலரின் கோப்புகள் சிதைந்த செய்தி அந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை. இடம் தருவதாக வரும் ஒவ்வொரு கருவியும் நமது பொருள்களின் மீது கைவைத்தே அதைத் தருகின்றது என்பதை அப்போதே உணர்ந்திருக்கலாம்.

பின்னர் வன்தட்டுகள் வளர்ந்தன. அவற்றோடு இயங்குதளமும் வளர்ந்தது. 2001 இல் விண்டோஸ் எக்ஸ்பி கேட்ட இடம் 1.5 ஜிகாபைட். 2021 இல் விண்டோஸ் 11 கேட்டது 64 ஜிகாபைட் கொண்ட தட்டு. இருபது ஆண்டுகளில் நாற்பது மடங்குக்கு மேல். இதற்கிடையே 1998 இல் விண்டோஸ் 98 உடன் ‘டிஸ்க் கிளீனப்’ என்னும் துப்புரவுக் கருவி வந்தது. குப்பையைத் தானே சேர்க்கும் இயந்திரம், அதைக் கூட்டும் துடைப்பத்தையும் தானே தரத் தொடங்கிய காலம் அது.

இக்காலத்தில் இன்னொரு மாற்றமும் ஓசையின்றி நிகழ்ந்தது. டொஸ் காலத்தில் அழித்தல் என்பது உண்மையான அழித்தலாக இருக்கவில்லை. கோப்பின் பெயரிலுள்ள முதலெழுத்தை மாற்றி, அது இருந்த இடம் காலியாகிவிட்டது என்று பட்டியலிற் குறிப்பதோடு இயங்குதளம் நின்றுவிடும். உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். 1982 இல் பீற்றர் நோர்ட்டன் வெளியிட்ட கருவித் தொகுப்பு அவ்வாறு போன கோப்புகளை மீட்டே புகழ் பெற்றது. 1995 இல் விண்டோஸ் 95 ஒரு குப்பைக் கூடையையும் தந்தது. ஆனால் இன்றைய திண்மநிலைத் தட்டுகளில் நிலைமை வேறு. 2009 இல் வந்த விண்டோஸ் 7 முதற்கொண்டு, அழித்த கோப்பின் இடத்தை உடனே துப்புரவாக்கலாம் என்று இயங்குதளமே தட்டுக்கு அறிவித்துவிடுகின்றது. கூடையைக் கொட்டிய பின் மீட்பு என்பது பெரும்பாலும் கைகூடாது. பழைய கணினி மன்னித்த பிழையைப் புதிய கணினி மன்னிப்பதில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியுள்ளன. 1969 இல் மனிதன் நிலவில் நடந்த காட்சி பதிவான மூல நாடாக்கள், நாடாத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அழித்து மீளப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009 இல் நாசா அறிவித்தது. 2018 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 இற்றைப்படுத்தல் சிலரின் ஆவணங்களையும் படங்களையும் அழித்தது. அவர்கள் தமது ஆவணக் கோப்புறையை வேறு தட்டுக்கு மாற்றி வைத்தவர்கள். சி தட்டில் எஞ்சியிருந்த பழைய கோப்புறையை வெறும் நகல் என்று கருதி நிரல் நீக்கிவிட்டது. அதற்குள் கோப்புகள் இருந்தன. சில நாள்களிலேயே விநியோகம் நிறுத்தப்பட்டது. பாதிப்பு பதினாயிரத்தில் ஒருவருக்கே என்று நிறுவனம் கூறியது. அந்த ஒருவருக்கு அது முழு இழப்பு.

இந்த வரலாறு மட்டக்களப்பு வாவிக் கரையில் வேறொரு பொருள் பெறுகின்றது. தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று நெடுஞ்சாலையோரம் நீளும் எழுவான்கரை ஊர்கள் ஒருபுறம் வாவியையும் மறுபுறம் கடலையும் கொண்டவை. 1978 நவம்பர் 23 ஆம் திகதிய சூறாவளி இங்கே கூரைகளோடு பெட்டகங்களையும் குலைத்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. இடையில் நீண்ட போரும் இடப்பெயர்வுகளும். காணி உறுதி, பிறப்புச் சான்று, திருமணப் படம், அண்ணாவியாரின் கூத்துக் கொப்பி என்று தாளில் இருந்தவை எத்தனையோ போயின. எஞ்சியவை வருடியிலிட்டுக் கணினிக்கு ஏற்றப்பட்டன. படுவான்கரை வயலின் உறுதிப் பிரதியும், கோவில் திருவிழாக் கணக்கும், கடலில் போனவரின் கடைசிப் படமும் இன்று பல வீடுகளில் சி தட்டின் ‘டெஸ்க்டொப்’ பகுதியிலேயே கிடக்கின்றன. முகப்புத் திரையில் தெரிவதெல்லாம் சி தட்டில் இருப்பதே என்பதைப் பலர் அறியார். இயந்திரம் மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனால், ‘போர்மட் பண்ணினாற் சரியாகும், அண்ணை’ என்பார் கடைக்காரத் தம்பி. சரியாகத்தான் ஆகும். ஆயின் சூறாவளிக்கும் கடலுக்கும் தப்பியது அந்த அரைமணி நேரத்தில் தப்பாது.

ஆகவே அழிப்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். இயந்திரம் மீண்டும் ஆக்கிக்கொள்ளக் கூடியவையே முதலிற் போகவேண்டியவை: தற்காலிகக் கோப்புகள், இற்றைப்படுத்தலின் மிச்சங்கள், மேம்படுத்திய பின் தங்கும் ‘விண்டோஸ் ஓல்ட்’ கோப்புறை, உறக்கநிலைக்காக ஒதுக்கப்படும் பெருங்கோப்பு. முதல் மூன்றையும் அமைப்புப் பகுதியிலுள்ள சேமிப்புப் பக்கத்தின் வழியாகவே நீக்க வேண்டும். உறக்கநிலையை நிறுத்திவிட்டால் அக்கோப்பு தானே நீங்கும். விண்டோஸ் கோப்புறைக்குள் நேரே புகுந்து கையால் அழித்தல் ஆகாது. அடுத்து, மீண்டும் பதிவிறக்கக் கூடிய மென்பொருள்கள், திரைப்படங்கள், வாட்ஸ்அப்பில் வந்த காணொளிகள். மூன்றாவதாக, நமக்கு மட்டுமே உரியவை. இவற்றை அழிப்பதன்று, இடம் மாற்றுவதே முறை. டி தட்டுக்கு மாற்றினால் மட்டும் போதாது. ஒரே வன்தட்டின் இரு கூறுகளானால் பழுதடையும்போது இரண்டும் ஒன்றாகவே போகும். வெளித்தட்டில் ஒரு படி, வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம் இன்னொரு படி என்று இருத்தல் நன்று. ஊர்ப் பொதுவான மலர்கள், அறிக்கைகள், கூத்துப் பிரதிகள் ஆகியவற்றுக்கு 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் இருக்கின்றது.

ஒரு கணக்கையும் மனத்திற் கொள்ளலாம். யூனிகோட் முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு வழக்கமாக மூன்று பைட் ஆகும். அப்படியிருந்தும் 300 பக்க நூலொன்று 2 மெகாபைட் அளவிலேயே அடங்கும். அது கைப்பேசிப் படம் ஒன்றைவிடச் சிறியது. எழுத்தை அழித்து எவரும் இடம் பெற்றதில்லை.

தேற்றா மரம் ஊர்ப் பெயரிலேயே நிற்கின்றது. அதன் வித்தைப் பானையின் உட்புறத்தில் உரைத்தால் கலங்கல் அடியிற் படிந்து நீர் தெளியும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். நீரை அவர்கள் கொட்டவில்லை. இந்த வார இறுதியில் சி தட்டைத் திறப்போர், எதையும் அழிக்குமுன் டெஸ்க்டொப்பில் உள்ளவற்றை ஒரு வெளித்தட்டுக்குப் படியெடுத்துவிட்டுத் தொடங்குவார்களாக. கடைக்குக் கொடுப்போரும் அவ்வாறே படியெடுத்த பின் கொடுப்பார்களாக.